கொக்கின் கடைசி இழுப்பு

நாகமினே தமோட்சுவின் கையெழுத்தைப் படிக்காமல் அந்த ஊரில் ஒரு நாளைக் கழித்துவிட முடியாது. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் 'திங்கள் விடுமுறை' என்று ஒட்டியிருப்பது அவர் எழுத்து. ரயில் நிலையத்தில் விற்கும் மீன் சோற்றுப் பெட்டியின் மேல்தாளில் இருப்பது அவர் எழுத்து. பல் மருத்துவர் வாசல், நூடுல்ஸ் கடைத் திரைச்சீலை, நகரசபைத் தேர்தலில் நின்ற இரண்டு தடவையும் மண்ணைக் கவ்விய ஒருவரின் சுவரொட்டி, எங்கே திரும்பினாலும் அவர்தான். பூங்காவின் பொதுக் கழிப்பறையில், சுத்தமாக வைத்திருப்பதற்கு நன்றி சொல்லும் பலகைகூட அவர் கைதான். கல்யாண மண்டபத்தில் கருகருவென்று கறுப்பு மையில் வாழ்த்துகிறவரும் அவரே. அந்திமக் கூடத்தில் வெளிறிய மையில் அழுகிறவரும் அவரே. துக்கச் செய்திக்கு மையைத் தண்ணீர் விட்டு வெளிற வைப்பது அங்கே மரியாதை. எழுதும்போது கண்ணீர் விழுந்து கரைந்துவிட்டதாம்.

இத்தனைக்கும் இது ஒரு மனிதனின் கை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் வரும் அழகான எழுத்து, அவ்வளவுதான். தலைப்புக்குப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

நாகமினேவுக்குக் கடைவீதியில் சின்னதாக ஒரு காகிதக் கடை. உறைகள், மொய்க் கவர்கள், தூரிகைகள், மைக்கட்டிகள். கடையின் மூலையில் ஒரு தாழ்வான மேஜை. பள்ளிக்கூடத்துப் பாராட்டுப் பத்திரம், கல்யாண மொய், சாவுக் கவர், எதுவானாலும் அதன்முன் மண்டியிட்டு உட்கார்ந்து தூரிகையால் பெயர் எழுதிக் கொடுப்பார். அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான். கை பிசகாது. காலையில் எழுதிய எழுத்தும் சாயங்காலம் எழுதிய எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மயிரிழைகூட விலகாது. இதை அவர் பெரிய தவம் மாதிரி பழகியிருந்தார். ஐயோ பாவம், அந்தத் தவம்தான் அவருக்கு வினையாக வந்து முடிந்தது.

ஓசாகாவிலிருந்து, கம்ப்யூட்டருக்கு எழுத்துரு செய்யும் ஒரு நிறுவனத்து ஆள் ஒருநாள் வந்தார். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். எல்லாத் தாளையும் அடுக்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சார், இது மனுஷக் கையே இல்ல சார்!" என்றார். நாகமினே அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி சோனோகோவிடம் இதை மூன்று தடவை சொன்னார்.

"இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு? பேய்க் கைன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்," என்றாள் சோனோகோ.

அதற்கப்புறம் வருஷக்கணக்காக எழுதினார். அவர்கள் பாஷையில் எழுத்து என்ன இருபது முப்பதா? ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்து என்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் மனசுக்குப் பிடிக்கும்வரை எழுதி, பிடிக்காததைக் கசக்கிப் போட்டு, பிடித்ததை அடியில் தேதி குறித்து எடுத்து வைப்பார். அந்த மொத்தக் குவியலிலும் ஒரே ஓர் எழுத்து மட்டும் பிசகிப் போயிற்று. 'கொக்கு' என்ற எழுத்து. கடைசி இழுப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த ஏழு வயது மகள் சிகுசா, "அப்பா, ஐஸுக்குக் காசு!" என்று அவர் முழங்கையில் வந்து இடித்தாள். அமைதியாகக் கீழே படிய வேண்டிய இழுப்பு, வெடுக்கென்று மேலே எகிறிக்கொண்டது.

நாகமினே தாளைக் கசக்கப் போனார். பெண் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கசக்காதப்பா! நான்தானே இடிச்சேன், அப்ப இது என்னோடதுதானே?"

"சரிடி, உன்னோடதுதான். அழாதே. கிடக்கட்டும்."

கொக்கை யார் தலைப்பில் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நிறுவனத்துக்காரர்களும் கவனிக்கவில்லை. எகிறல் எகிறலாகவே போய்க் கம்ப்யூட்டரில் ஏறியது.

கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்து மட்டும் பிரமாதமாக இருந்தது. பிறகு விளம்பரத் தாள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முந்நூறு வருஷங்களுக்கு முன் மலையில் தனியாக வாழ்ந்த ஒரு துறவியின் எழுத்தைக் கண்டெடுத்துப் புதுப்பித்திருக்கிறார்களாம். எழுத்துக்கும் அந்தத் துறவியின் பெயரையே வைத்து 'சேய்கான்' என்று விற்றார்கள். வீட்டில் மீன் வறுத்துத் தின்றுகொண்டு உயிரோடிருந்த மனிதனை முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சாகடித்து, மொட்டையும் அடித்துவிட்டார்கள். எழுதியது நான்தான் என்று அவர் ஊரறியச் சொல்லக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. வந்த பணத்தில் கூரையை மாற்றினார். ஒழுகாத கூரைக்கடியில் உட்கார்ந்து, தன் எழுத்து ஊரெல்லாம் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு தடவை, மனசு கேட்காமல், முடி வெட்டிக்கொள்ளும்போது சொல்லிப் பார்த்தார்.

"கண்ணாடில ஒட்டியிருக்கே, அது நான் எழுதினது."

முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திச் சிரித்தார். "அண்ணே, அது என் மச்சான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தது. தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்."

அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் பேச்சு அவரை விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவர் எழுதிக் கொடுத்த உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "அடேயப்பா! அச்சு அசலா கம்ப்யூட்டர் எழுத்து மாதிரியே இருக்கே! எப்படிங்க பழகினீங்க?" என்பார்கள். பாராட்டுகிறார்களாம். நாகமினே தலைகுனிந்து நன்றி சொல்வார். வேறு என்ன செய்ய?

இந்த நிலைமையில் சிகுசாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். பக்கத்து டவுனுக்கு ஒருநாள் வாடிக்கையாளர் வீட்டைத் தேடிப் போனவள், மழைக்கு, சாக்கே என்ற அரிசி மதுவின் வடிப்பாலை ஒன்றுக்குள் ஒதுங்கினாளாம். அந்த வீட்டுப் பையன் ஹாருமா குடை கொடுத்தானாம். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போய், அது இரண்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் அவள் சொன்ன கதை இதுதான்.

வடிப்பாலைக்காரர் ஓதாகிரி பெரிய மனிதர். பெரிய குரல், பெரிய வயிறு, எல்லாவற்றுக்கும் மேல் பெரிய கொள்கை. கை என்பதுதான் அந்தக் கொள்கை. அரிசியைக் கையால் கழுவ வேண்டும். புட்டிக்குக் கையால் தாள் ஒட்ட வேண்டும். "மெஷின் தொட்டுச்சுன்னா மனசு போயிடும் சம்பந்தி," என்று முதல் சந்திப்பிலேயே நாகமினேவின் முதுகில் தட்டினார். பின்கட்டில் அரிசி கழுவும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் இன்னும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் முழுவதும் தூரிகையால் கையாலேயே எழுதியிருக்க வேண்டும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்து நீங்களே எழுதிவிடுங்கள், உங்கள் தொழில்தானே என்றார்.

நாகமினேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷம் கழித்து ஒருவர் கையெழுத்து வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார்! கடையைச் சாத்திவிட்டு எழுதினார். மைக்கட்டியைக் கையால் இழைத்து, கல்யாணத்துக்கு ஏற்ற கட்டிக் கறுப்பாக வரும்வரை இழைத்து, ஒவ்வோர் உறைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டு எழுதினார். சோனோகோ டீ கொண்டுவந்து வைப்பாள். டீ ஆறிப்போகும்.

"நானும் நாலு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"நீயா? நீ எழுதின மளிகைச் சீட்டைப் பார்த்துட்டு மீன்காரன் மூணு நாள் தூங்கலையாம்!"

சோனோகோவின் எழுத்து அப்படி. நண்டைச் சகதியில் விட்டு எடுத்த மாதிரி இருக்கும்.

உறைகள் ஓதாகிரி வீட்டுக்குப் போயின. இரண்டு நாளில் மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. கூடவே ஓதாகிரியிடமிருந்து போன். கொஞ்சம் நேரில் வந்து போகச் சொன்னார். குரலில் முதுகு தட்டல் இல்லை.

நாகமினேவும் சோனோகோவும் சிகுசாவும் போனார்கள். வடிப்பாலையின் முன்னறையில், பாயில் ஒரு பக்கம் இவர்கள் மூவரும் எதிர்ப்பக்கம் ஓதாகிரியும் ஹாருமாவும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓதாகிரி இரண்டு காகிதத்தை வைத்தார். ஒன்று நாகமினே எழுதிய உறை. இன்னொன்று, யாரோ தூரத்து உறவினர் இறந்ததற்கு அந்திமக் கூடத்திலிருந்து வந்திருந்த அச்சிட்ட துக்கச் சீட்டு. இரண்டிலும் ஓதாகிரியின் பெயர் இருந்தது. ஒரு புள்ளி பிசகாமல் ஒரே மாதிரி இருந்தது.

"சம்பந்தி, நான் ஒண்ணும் படிக்காதவன் இல்ல. எனக்குக் கண்ணு இருக்கு. கையால எழுதுங்கன்னு கேட்டேன். நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பியிருக்கீங்க. அதுவும் எந்த எழுத்துல? பொணத்துக்குப் போடற எழுத்துல!"

சோனோகோ வாயைத் திறந்தாள். நாகமினே அவள் முழங்காலைத் தொட்டு நிறுத்தினார். "இல்லீங்க, அது நான்…" என்று ஆரம்பித்தார்.

"நீங்கதான் எழுதினீங்களா? அப்ப அந்திமக் கூடத்துக்கும் நீங்கதான் உட்கார்ந்து எழுதிக் குடுத்தீங்களோ? வீட்டுக்கு வீடு, பொணத்துக்குப் பொணம்?"

ஆமாம் என்று சொல்ல நாகமினே தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியபோதுதான் ஓதாகிரியின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த சட்டம் கண்ணில் பட்டது. கண்ணாடிக்குள் நல்ல பழுப்புத் தாளில், பெரிதாக, அந்த வீட்டுச் சாக்கேயின் பெயர். சாகிகாகே. கொக்கின் நிழல். இரண்டே எழுத்து. முதல் எழுத்து கொக்கு. அதன் கடைசி இழுப்பு, வெடுக்கென்று மேலே எகிறியிருந்தது.

அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார்.

அவர் பார்வை போன இடத்தை ஓதாகிரி கவனித்துவிட்டார். குரல் தானாக இறங்கியது. "ம், பாருங்க. நல்லாப் பாருங்க. கையெழுத்துன்னா அது. எங்க அப்பா தவறின வருஷம் இந்த ஆலையை இழுத்து மூடற நிலைமை. பேங்குக்காரன் கைவிரிச்சுட்டான். கடைசியா ஒண்ணு செஞ்சு பார்ப்போம்னு, புட்டிக்கு லேபிள் போடற ஆளை மலைக்கோயில் பெரிய குருக்கள்கிட்ட அனுப்பி, எழுதி வாங்கிட்டு வரச் சொன்னேன். குருக்கள் அப்ப படுத்த படுக்கை. ஆனாலும் எழுதிக் குடுத்தாராம். ஊதாத் துணியில சுத்திக் கொண்டுவந்து என் கையில வெச்சான். அந்த மாசமே அவர் காலமாயிட்டார். அந்த எழுத்தைப் போட்ட வருஷம்தான் சரக்கு ஓட ஆரம்பிச்சுது. இன்னிவரைக்கும் காலைல கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நாங்க வேலையைத் தொடங்கறது. நானும், இவனும், ஆளுங்களும்."

ஹாருமா தலையைக் குனிந்துகொண்டான். சிகுசா பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசி இழுப்பைப் பாருங்க," என்றார் ஓதாகிரி. அவர் கண் கலங்கியிருந்தது. "எப்படி மேல போகுது பாருங்க! சாகப் போற மனுஷன், எல்லாத்தையும் விட்டவன், அவனுக்குத்தான் இது வரும். கொக்கு பறந்தே போச்சு சம்பந்தி. உங்க கம்ப்யூட்டர் போடுமா இதை?"

கம்ப்யூட்டர்தான் போட்டிருந்தது. படுக்கையில் கிடந்த குருக்கள் எழுதினாரா, வழியில் லேபிள்காரனே மனசு மாறி வீட்டில் உட்கார்ந்து அடித்தானா என்பதெல்லாம் ஊதாத் துணிக்கே வெளிச்சம். ஐஸுக்குக் காசு கேட்டு ஒரு குழந்தை இடித்த இடியைத்தான் இந்த வீடு இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. நாகமினேவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அந்த எழுத்துரு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உறைப் பழி போய்விடும், பிழைப்பு முழுக்க அவரைத் துரத்திய பழியும் போய்விடும். கூடவே தலைக்கு மேலிருக்கும் சட்டமும் இறங்கிவிடும். ஆளுங்கள் முன்னால், பெற்ற பிள்ளை முன்னால், இந்தப் பெரிய மனிதர் எந்த முகத்தோடு நாளைக்குக் கதவைத் திறப்பார்? தன் சம்பந்தியை முட்டாளாக்கிய வீட்டிலிருந்து வரும் மருமகளுக்கு அந்த வீட்டில் என்ன இடம் இருக்கும்?

நாகமினே இரண்டு உள்ளங்கையையும் பாயில் ஊன்றினார். நெற்றி பாயில் படும்படி குனிந்தார்.

"அச்சடிச்சுட்டேன், சம்பந்தி. நேரம் இல்லாமப் போச்சு. தப்புதான், மன்னிச்சுக்கணும்."

அவர் ஆயுளில் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான். தூரிகை தொடாமல் ஓர் உறைகூட அவர் கடையைத் தாண்டியதில்லை. ஓதாகிரி பெருந்தன்மையானவர், உடனே மன்னித்துவிட்டார். திரும்ப எழுதி அனுப்பினால் போதும், இந்த முறை மனசு வைத்து எழுதுங்கள் என்று புத்திமதியும் சொல்லி, ஆளுக்கு ஒரு புட்டியும் கொடுத்து அனுப்பினார். புட்டி முழுக்கக் கொக்கு எகிறிக்கொண்டிருந்தது.

ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். சிகுசா தன் அறைக்குப் போய்விட்ட பிறகு சோனோகோ வெடித்தாள்.

"நானும் பார்த்தேங்க அந்தச் சட்டத்தை! இந்த வீட்டுல எத்தனை வருஷம் அந்தத் தாளெல்லாம் கால்ல மிதிபடாம பொறுக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த ஆளுக்கு நம்ம உறையைச் சாவுச் சீட்டோட ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியுது, தலைக்கு மேல தொங்கறதைப் பார்க்கத் தெரியலையா?"

"கும்பிடற பொருளை யாரும்மா உத்துப் பார்க்கிறாங்க?"

"இப்பவே போன் போடறேன்."

"போட்டியானா கல்யாணம் நின்னுடும். சட்டத்துல இருக்கிறது யார் எழுத்துன்னு சிகுசாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த வீட்டுல போய் தினமும் அந்தச் சுவத்தைப் பார்த்துட்டு வாழணும் அவ."

சோனோகோ போனை வைத்துவிட்டாள். ஆனால் கோபத்தை வைக்கவில்லை.

அடுத்த நாள் நாகமினே மறுபடி மேஜை முன் உட்கார்ந்தார். இந்த முறை கையால் எழுதியது என்று தெரியும்படி எழுத வேண்டும். அதாவது கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பிசகாக. எவ்வளவு சின்ன வேலை! கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். சேய்கான் வந்தது. இடது கையால் பிடித்து எழுதிப் பார்த்தார். கொஞ்சம் நடுங்கின சேய்கான் வந்தது. சாக்கே குடித்துவிட்டு எழுதினார். உற்சாகமான சேய்கான் வந்தது. பிசகக்கூடாது என்று பழகிய கை, இப்போது கெஞ்சினாலும் பிசக மாட்டேன் என்றது. குப்பைக் கூடை நிரம்பி வழிந்தது. கூடையில் கிடந்தது எல்லாமே அழகாக இருந்தது.

"நான் என்னிக்காவது ஒரு மனுஷன் மாதிரி எழுதியிருக்கேனா சோனோகோ?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

சோனோகோ தூரிகையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "எந்திரிங்க அங்கிருந்து."

அவள் எழுதினாள். பெயர்கள் சாய்ந்தன. பெரிதாகத் தொடங்கிய விலாசம் இடம் போதாமல் நெருங்கி, கடைசியில் உறையின் விளிம்பில் ஏறி நின்றது. ஓர் உறையில் சோயா சாஸ் சொட்டியது. ஒவ்வோர் உறைக்கும் ஒரு வசவு. "இந்தா உனக்கு மனசு! பிடிச்சுக்க! இதுலயும் மனசு! பெரிய கொள்கைக்காரன்!" என்று வைதுகொண்டே எழுதி முடித்தாள். நாகமினே பக்கத்தில் உட்கார்ந்து மை இழைத்துக் கொடுத்தார். கல்யாண வேலையில் அவருக்குக் கிடைத்தது அந்த வேலைதான்.

உறைகள் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. ஓதாகிரிதான் பேசினார்.

"சம்பந்தியம்மா எழுதினதா? அம்மா, ஒவ்வொண்ணுலயும் மனசு தெரியுதும்மா. நெஞ்சுல இருக்கிறதை அப்படியே கொட்டியிருக்கீங்க!"

"ஆமாங்க," என்றாள் சோனோகோ. "நெஞ்சுல இருந்ததைத்தான் கொட்டினேன்."

கல்யாணம் இலையுதிர் காலத்தில் நடந்தது. மண்டபத்தின் மேடையில், வைக்கோல் பாய் சுற்றிய பெரிய சாக்கே பீப்பாய் ஒன்றை வைத்திருந்தார்கள். பாயின்மேல் ஒரு முழ உயரத்துக்குச் சாகிகாகே என்று கருமையாக அச்சிட்டிருந்தது. மணமக்களும் பெற்றவர்களும் ஆளுக்கொரு மரச் சுத்தியலைப் பிடித்து மூடியை உடைத்துத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஓதாகிரி பேசினார். குருக்களைப் பற்றிப் பேசினார், ஊதாத் துணியைப் பற்றிப் பேசினார், பேங்குக்காரனைப் பற்றிப் பேசினார். கொக்கின் கடைசி இழுப்புக்கு வந்தபோது குரல் உடைந்தது. மண்டபமே அந்த இழுப்பைப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் கை கூப்பினார். நாகமினேவும் கூடவே நின்று, முதல் தடவை பார்ப்பவர் மாதிரி, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

பீப்பாயைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். போட்டோக்காரர் இன்னும் நெருக்கமாக நிற்கச் சொன்னார். வெள்ளைக் கிமோனோவில் சிகுசா அப்பாவின் பக்கம் நகர்ந்து வந்தாள். உதடு அசையாமல் பேசினாள்.

"அப்பா, என் கொக்கு நல்லா இருக்கில்ல?"

நாகமினே கேமராவைப் பார்த்தபடியே உறைந்து நின்றார்.

"இவரை முதல்ல பார்த்த அன்னிக்கு மழையே இல்லப்பா. விலாசம் தெரியாம அந்தத் தெருவுல அலைஞ்சுட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா ஆலை வாசல்ல என் கொக்கு. யாரோ நம்ம வீட்டு ஆளு உள்ள இருக்கிற மாதிரி இருந்துச்சு. உள்ள போயிட்டேன்."

"அப்ப… அன்னிக்கு நான் பாயில விழுந்து…"

"எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தா நீ தாங்கமாட்டேன்னு பேசாம இருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். பாவி அப்பா, என்னத்துக்குப்பா ஒத்துக்கிட்டே?"

அந்தப் பக்கம் நின்ற ஹாருமா, சுத்தியலைச் சரிசெய்கிற சாக்கில் முன்னால் குனிந்தான். மிகவும் மெதுவாகச் சொன்னான்.

"முதல் நாளே இவ என்கிட்ட சொல்லிட்டா மாமா. எங்க அப்பாகிட்ட மட்டும் வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். ரெண்டு வருஷமா தினமும் காலைல உங்களுக்குத்தான் கும்பிடு போட்டுட்டிருக்கேன்."

சொன்னவன் இடுப்பு வளைய அவரைப் பார்த்து நன்றாகவே குனிந்தான். அவருக்குப் பின்னால் பீப்பாய் இருந்தது. ஓதாகிரி அதைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்து போனார். "பாருங்க சம்பந்தி, கல்யாண மேடையில கூட எம் பையன் குருக்கள் எழுத்துக்குக் கும்பிடாம இருக்கானா பாருங்க!"

"பார்த்தேங்க சம்பந்தி," என்றார் நாகமினே. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை, சுத்தியல் இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மண்டபம் கூவியது. எல்லாச் சுத்தியலும் ஓங்கின. அந்த நேரம் பார்த்துச் சிகுசா அப்பாவின் முழங்கையில் ஓர் இடி இடித்தாள். ஏழு வயதில் இடித்த அதே இடம். மூடியில் அமைதியாக இறங்க வேண்டிய சுத்தியல் வெடுக்கென்று கோணலாகப் போய் விளிம்பில் விழுந்தது. சாக்கே குப்பென்று எழும்பி ஓதாகிரியின் விசேஷக் கறுப்புக் கிமோனோவில் மார்பிலிருந்து வயிறுவரை வழிந்தது.

ஓதாகிரி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. நாகமினேவின் முதுகில் ஈரக் கையால் ஓங்கித் தட்டினார்.

"பரவாயில்ல சம்பந்தி! அச்சு மெஷின்லயே பழகின கை பாருங்க. கை வேலைன்னு வந்தா தடுமாறத்தானே செய்யும்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சோனோகோ மட்டும் சிரிக்காமல் சம்பந்தியை முறைத்தாள். "ஆமாங்க, தடுமாறிப் போச்சு," என்று சொல்லி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நாகமினேதான். வெகுநேரம் சிரித்தார். அவர் கை கடைசியாகப் பிசகியது இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் இடித்தவள் இவள்தான். அவருடைய நனைந்த சட்டைக் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி யாரோ துண்டு நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முழங்கையை இன்னொரு கையால் பொத்திப் பிடித்தபடி, பெண்ணின் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றார்.